மாப்பிள்ளையின் உட்கன்னம்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் கன்னத்தைச் சுரண்டி அனுப்பியவள் நான். (வெளிக் கன்னம் இல்லை, உட்கன்னம். யோசித்துப் பார்த்தால் அது இன்னும் மோசம்.) வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை என்றுதான் இதை எழுதுகிறேன். புதுச்சேரிப் பக்கம் எங்கள் பாகூர் கொம்யூனில், அதாவது பஞ்சாயத்தில், பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தெரியும். அவர்கள் சொல்லும் கதையில் நான் ஒரு ராட்சசி. உண்மையில் அன்றைக்கு நான் மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு, பார்க்கச் சுமாராகவே இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தாவரவியலில் எம்.எஸ்சி.யும் அதன் மேல் பி.எட்.டும் முடித்து, வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் மிஸ்ஸாக இருந்தேன். ஊரில் என்னோடு படித்த பெண்கள் எல்லோரும் கல்யாணமாகிப் போய், திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வந்து போனார்கள். அவர்கள் கூடிப் பேசும் இடத்துக்கு நான் போனால் பேச்சு அப்படியே நின்றுவிடும். அவர்கள் பேசும் மாமியார், பிரசவம், நாத்தனார் எதுவும் என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தது செல் மட்டும்தான். அதைப் பற்றிக் கேட்க ஊரில் ஒருவரும் இல்லை.

கல்லூரியில் முதல் வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த நாளிலிருந்தே எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத ஒரு துளி. அதைச் சுற்றி ஒரு சவ்வு, உள்ளே கூழ், கூழுக்கு நடுவே ஓர் உட்கரு. சாப்பாட்டைச் சக்தியாக்க ஓர் இடம், புரதம் செய்ய ஓர் இடம், குப்பையைச் செரிக்க ஓர் இடம். இத்தனையும் நமக்குள் நடக்கிறது, நாமோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறோம். இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கும். ஒருநாள் அம்மாவிடம், நீ அரிகிற கத்தரிக்காயில் லட்சக்கணக்கில் செல் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். புழு இருக்கிறதா பார், அது போதும் என்றாள். அப்பாவிடம் சொன்னால் டி.வி. செய்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பார். தம்பி காதில் இரண்டு ஒயர் சொருகியிருப்பான். நான் ரொம்பவும் தனியாக இருந்தேன். வீட்டில் நான்கு பேர் இருந்தோம் என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பள்ளி மைக்ராஸ்கோப்பை, சாயமும் கண்ணாடிச் சில்லும் சேர்த்து, நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குச் செய்முறை, லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது, துடைக்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். துடைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, குழந்தை ஏன் அசையவே இல்லை என்று கவலையாகக் கேட்டார். தூங்குகிறது என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லப் போனால் பாகூர் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா செய்தியைச் சொன்னாள். நாளை நாலு மணிக்குக் காட்டேரிக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். (முன்கூட்டிச் சொன்னால் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று ஓடிவிடுவேனாம்.) மாப்பிள்ளை பெயர் குமரவேல். அப்பா அம்மா கரும்பும் நெல்லும் போடுகிறவர்கள், பையன் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. கடைசித் தகவலைத் தரகர் மூன்று முறை சொன்னாராம்.

அதற்கு முன் வந்த ஒரு சம்பந்தம் நான் அதிகம் பேசியதால் கைவிட்டுப் போயிருந்தது. எனவே அம்மா இம்முறை ஓர் ஏற்பாடு செய்தாள். கேட்டால் மட்டும் பேச வேண்டும், ஒரு வார்த்தையில் பேச வேண்டும். அவள் சமையலறை வாசலில் நிற்பாள். ஓர் இருமல் இருமினால் தலையைக் குனிய வேண்டும், இரண்டு இருமினால் வாயை மூட வேண்டும். கூடத்து மேஜையில் இருந்த மைக்ராஸ்கோப்பின் மேல் பூப்போட்ட துண்டைப் போர்த்தி, யாராவது கேட்டால் தையல் மிஷின் என்று சொல் என்றாள்.

மறுநாள் ஒரு வேனில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். ஒற்றைப்படையில்தான் வர வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், வெள்ளை வேட்டியும் உரத்த குரலுமாக இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றும் பேசாமல் எங்கள் வீட்டுச் சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கடைசியாக என்னைப் பார்த்தார். நான் காபி கொடுத்தேன், குனிந்தேன், உட்கார்ந்தேன். அதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று.

பையனைப் பற்றி மாமன் பேச ஆரம்பித்தார். பீடி, சிகரெட், குடி எதையும் அவன் கண்ணால் பார்த்ததில்லை என்றார். சுருதி ஏற ஏற, பையனுக்கு டீ, காபி குடிக்கும் பழக்கம்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார். பாதி காபி குடித்திருந்த மாப்பிள்ளை டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். நான் சிரிப்பை அடக்கக் குனிந்தேன். அம்மா நான் வெட்கப்படுவதாக நினைத்து மகிழ்ந்தாள்.

வைத்த டம்ளரிலிருந்து நிமிர்ந்த மாப்பிள்ளையின் கண் மேஜைப் பக்கம் போயிற்று. துண்டுக்கு அடியில் கண் வைக்கும் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அது மைக்ராஸ்கோப்புங்களா?"

தையல் மிஷின் என்று சொல்ல வேண்டியவள் நான். ஆமாம் என்றேன். ஒரு வார்த்தைதான், அம்மாவின் விதியை மீறவில்லை. அவரோ விடவில்லை. ஒன்பதாவதில் செல் படம் வரைந்து பாகம் குறித்து ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறாராம், நிஜமாக ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். அவர்கள் பள்ளியில் மைக்ராஸ்கோப் பீரோவுக்குள் பூட்டியே இருந்தது, சாவி யாரிடம் இருக்கிறது என்று பத்தாவது முடியும்வரை தெரியவில்லை என்றார். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிஜமான ஏக்கம் இருந்தது. மாடு வாங்க வந்த இடத்தில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கத்தான் எல்லோரும் வருவார்கள். நான் பார்ப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை.

நான் எழுந்து சமையலறைக்குப் போய், பஜ்ஜிக்கு அரிந்து வைத்திருந்த வெங்காயத்தில் ஒரு துண்டை எடுத்து வந்தேன். அம்மா இரண்டு முறை இருமினாள். வெங்காயத்தின் உட்புறத்துச் சன்னமான தோலை உரித்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, சாயம் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அம்மா நான்கு முறை இருமினாள். அன்றைக்கு அவள் இருமியதைக் கேட்டு, இந்த வீட்டில் யாருக்கோ டி.பி. இருக்கிறது என்றுதான் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

முதலில் மாப்பிள்ளை பார்த்தார். பிறகு மற்றப் பத்துப் பேரும் பார்த்தார்கள். ஒருவர் திறக்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு மூட வேண்டிய கண்ணைத் திறந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தன் கண்ணிமை முடியைப் பார்த்துவிட்டு, வெங்காயத்துக்குள் இத்தனை ரோமமா என்று ஆச்சரியப்பட்டார். மாமன் மட்டும் சரியாகப் பார்த்து, செங்கல் அடுக்கின சுவர் மாதிரி இருக்கிறது என்றார். அவ்வளவுதான், எனக்குள் இருந்த ஒன்பதாம் வகுப்பு மிஸ் விழித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு செங்கல்லும் ஒரு செல் என்றேன். வெங்காயச் செல்லுக்கு வெளியே கெட்டியான சுவர் உண்டு, நமக்குக் கிடையாது, நமக்குச் சவ்வு மட்டும்தான். அந்தச் சவ்வு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனுஷி மாதிரி, வேண்டியவர்களை உள்ளே விடும், வேண்டாதவர்களை அப்படியே அனுப்பிவிடும். உட்கரு நம் கொம்யூன் ஆபீஸ், எல்லாக் காகிதமும் அங்கேதான் இருக்கிறது, அது சொல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. மைட்டோகாண்ட்ரியா கரண்ட் ஆபீஸ், ஆனால் இங்கே கரண்ட் போகாது. (அது இந்த மைக்ராஸ்கோப்பில் தெரியாது என்றதும் நம்மூர் கரண்ட் ஆபீஸ்காரரும் அப்படித்தான் என்றார் ஒருவர்.) வெங்காயச் செல்லுக்குள் தண்ணீர் தேங்கும் பை ஒன்று உண்டு, பாகூர் ஏரி மாதிரி பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். எல்லோரும் தலையாட்டினார்கள். இதுவரை வாங்கிய சம்பளத்தில் எனக்கு இப்படி ஒரு வகுப்பு அமைந்ததே இல்லை.

அப்போது மாமனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, நம்ம ஆளுங்க செல்லும் மத்தவங்க செல்லும் ஒரே மாதிரியா இருக்கும்?"

எல்லாருக்கும் ஒன்றுதான், யார் வாயிலிருந்து எடுத்தாலும் இது இன்னாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். மாமன் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா இருமவே இல்லை. நான் அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்றைக்குக் காட்டேரிக்குப்பத்தில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் மனுஷனுடைய செல்லைப் பார்க்க முடியுமா என்று மாப்பிள்ளை கேட்டுவிட்டார்.

முடியும், உட்கன்னத்தில் லேசாகச் சுரண்டினால் போதும், என்னுடையதை எடுக்கிறேன் என்றேன். அவர் தன்னுடையதையே எடுக்கச் சொன்னார். வகுப்பில் நான் பிள்ளைகள் கையில்தான் பல் குத்தும் குச்சியைக் கொடுப்பேன், அவரவரே சுரண்டிக்கொள்வார்கள். அன்றைக்கு என்ன பிடித்திருந்ததோ தெரியவில்லை, குச்சியை எடுத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஆ காட்டுங்க. இன்னும் பெருசா. நாக்க அசைக்காதீங்க."

பிடிமானத்துக்காக இடது கையால் அவருடைய தாடையைப் பிடித்துக்கொண்டேன். நிச்சயம்கூட ஆகாத பெண், பெரியவர்கள் பத்துப் பேர் முன்னால், மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எட்டிப் பார்க்கிறாள். இது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு வெளிச்சம் போதவில்லை என்ற கவலை மட்டும்தான் இருந்தது. குச்சி நுனி கொஞ்சம் பழுப்பாக வந்தது, காபி என்று நினைத்தேன். நீலச் சாயத்தில் ஒரு சொட்டு கண்ணாடியிலும் ஒரு சொட்டு அவருடைய வெள்ளைச் சட்டையிலும் விழுந்தது. அவர் சட்டையைப் பார்க்கவில்லை.

அவர் கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் நெளிந்தார்கள். கடைசியில் கண்ணை எடுக்காமலே மெதுவாகக் கேட்டார்.

"இதெல்லாம் நானா?"

"நீங்கதான்."

"ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு பொட்டு இருக்குதே."

"அதுதான் உட்கரு. படத்துல வரைஞ்சிருப்பீங்க."

"ஏன் எல்லாம் தனித்தனியா கெடக்குதுங்க?"

உடம்பில் இருக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், நான் சுரண்டி எடுத்ததால் தனியாகக் கிடக்கிறது என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பாவம்" என்றார். ஒரு செல்லைப் பார்த்துப் பாவம் என்று சொன்ன ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இவரோடு ஆயுசு முழுக்கப் பேசலாம், கத்தரிக்காய் அரியும்போதுகூடப் பேசலாம் என்று தோன்றியது. இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் மறுபடியும் குனிந்தார். செல்லுக்கு வெளியே அங்கங்கே பழுப்பாகத் துணுக்குத் துணுக்காக ஏதோ இருக்கிறதே, அது எந்தப் பாகம் என்று கேட்டார். நான் அவரை நகரச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். காபி அப்படி இருக்காது. எம்.எஸ்சி.யில் இலைத் துணுக்குகளை மாதக்கணக்கில் பார்த்தவள் நான், தாவரத் திசு எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாணவன் நல்ல கேள்வி கேட்டால் மிஸ்ஸுக்கு வரும் சந்தோஷம் எனக்கு வந்தது. நான் நிமிர்ந்து, பின்வரிசைக்கும் கேட்கிற குரலில், தெளிவாகப் பதில் சொன்னேன்.

"அது செல்லோட பாகம் இல்லீங்க. பொகையிலத் தூளு. நீங்க கன்னத்துல ஒதுக்குவீங்களா?"

அவர் முகம் அப்படியே நின்றது. கேட்டவர் அவர்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு இப்படியொரு பதில் இருக்கும் என்பதை ஆர்வத்தில் மறந்தே போயிருந்தார். நானாவது அங்கே நிறுத்தினேனா என்றால் இல்லை. எடுத்த பாடத்தை முடிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. புகையிலையை ரொம்ப நாள் ஒரே இடத்தில் வைத்தால் அங்கே இருக்கும் செல்களின் வடிவமே மாறிவிடும், உட்கரு பெருத்துவிடும், பிறகு அது தன் இஷ்டத்துக்குப் பெருகும், அதைத்தான் புற்றுநோய் என்கிறோம், எதற்கும் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள் என்றேன். சரியாக அந்த நேரத்தில் அம்மா பஜ்ஜித் தட்டோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "இன்னாடா இது?" என்று மட்டும் கேட்டார். மாமன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவிடம் போனார்.

"நாங்க பொண்ணு பாக்க வந்தோம். ஒங்க பொண்ணு எங்க பையனுக்கு டெஸ்ட்டு எடுத்து அனுப்புது. நல்லாருக்குதுபா."

போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்ற வழக்கமான பொய்யைக்கூட அவர்கள் சொல்லவில்லை. பதினோரு பேரும் பஜ்ஜியைத் தொடாமல் வேனில் ஏறினார்கள். (பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இரண்டை எடுத்துக்கொண்டார். அவருக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை.) மாப்பிள்ளை வாசல்படியில் ஒரு நொடி நின்று திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. மாமன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அழுதாள். அப்பா அன்றைக்கு டி.வி. போடவில்லை, அவர் கோபத்தின் உச்சம் அதுதான். நான் மேஜை எதிரில் உட்கார்ந்து மறுபடியும் கண்ணை வைத்தேன். சாயம் ஓரங்களில் காய ஆரம்பித்திருந்தது. நடுவில் அவருடைய செல்கள் ஒவ்வொன்றும் ஒரு பொட்டோடு அப்படியே கிடந்தன. வெளிச்சம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தவுடன் கழுவி வை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள், அன்றைக்கு எனக்குக் கழுவ மனம் வரவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் ஒரு கண்ணாடி குறைந்தது. கழுவாமல் வைத்திருந்ததைப் பள்ளிக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்து அதையும் கொடுத்தேன். ஒரு பையன் அதில் தன்னுடையதை வைத்துப் பார்த்துவிட்டு, சூப்பர் மிஸ் என்றான்.

செய்தி பரவியதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு மிஷின் இருக்கிறது, வாய்க்குள் விட்டால் ஆளின் பழக்கவழக்கம் எல்லாம் படமாகத் தெரியும் என்று பரவியது. தரகர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டே பேர்தான் வந்தார்கள். ஒருவர் வந்ததிலிருந்து போகும்வரை வாயையே திறக்கவில்லை. எவ்வளவு கூச்ச சுபாவம் என்று அப்பா பாராட்டினார். கூச்சம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. இன்னொருவர் முன்யோசனைக்காரர், வாய் கொப்பளித்துவிட்டு வந்திருந்தார், பத்தடிக்குப் பெப்பர்மின்ட் வாசனை. அப்புறம் யாரும் வரவில்லை. வயது முப்பதானது, முப்பத்தைந்தானது, அதற்குப் பிறகு கேட்பவர்களும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டில் கொஞ்ச காலத்துக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது. தம்பி பிரமாதமாக நடித்துக் காட்டுவான். என் குரலில் "ஆ காட்டுங்க" என்று அவன் அப்பாவின் தாடையைப் பிடிப்பான், அப்பா மாமனாக மாறி வேட்டியை மடித்துக் கட்டுவார், அழுத அம்மாவே இருமிக் காட்டுவாள். நானும் சிரிப்பேன். பிறகு அப்பா போனார், மூன்று வருடத்தில் அம்மாவும் போனாள். தம்பி வேலைக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவான், அவன் பிள்ளைகளுக்குத் தமிழ் முழுக்கப் புரியாது, இந்தக் கதையை அவர்களுக்கு விளங்க வைக்க முடியாது. இப்படியாக ஒரு நல்ல வேடிக்கைக் கதை சொல்ல ஆளில்லாமல் என்னிடமே தங்கிவிட்டது. அதே வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன்.

நடுவில் எனக்கு அரசு வேலை கிடைத்தது. போன வருடம் மாற்றல் வந்தது, காட்டேரிக்குப்பம் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு. ஆணையில் இடத்தை இரண்டு முறை படித்தேன். பதினாறு வருடம் ஆகிவிட்டது, யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் செல் படத்தை அச்சடித்த மாதிரி வரைந்திருந்தாள். அவள் அம்மா வந்து உட்கார்ந்தார், அப்பா பின்னால் நின்றார். நான் விடைத்தாளைப் பிரித்து, படம் நன்றாக இருக்கிறது, கணக்கில்தான் கவனம் வேண்டும் என்று வழக்கம்போல் ஆரம்பித்து நிமிர்ந்தேன். பின்னால் நின்றவருக்கு முன்தலை ஏறி, மீசை நரைத்திருந்தது. ஆனால் அவர்தான். அவர் என்னை முன்னாலேயே அடையாளம் கண்டிருந்தார் போல, சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைத் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி என் பெயர்ப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"மிஸ்ஸு, நீங்க பாகூரு பக்கமா? அந்த மிஷினு வச்சிருந்தது நீங்கதானா?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அதில் துளி விஷமம் இல்லை. அப்புறம் கதை முழுவதையும் என்னிடமே சொன்னார். அவர்கள் வீட்டுக் கதையில் நான் ஆறடி உயரம், குச்சி ஒரு முழ நீளம், மூன்றே மாதத்தில் செத்துவிடுவாய் என்று கெடு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் மாமியார் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லையாம். மகள் சின்ன வயதில் துண்டைப் புடவையாகச் சுற்றிக்கொண்டு நானாக நடித்துக் காட்டுவாளாம். புகையிலையை இவர் அன்றைக்கு விட்டதுதானாம், இருந்தாலும் வேலை முடிந்து வந்ததும் வாசலில் நிறுத்தி ஆ காட்டச் சொல்வது இன்றுவரை நடக்கிறதாம். ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள், எல்லோரும் உங்களைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்றார். பிறகு, கதையின் நல்ல பகுதியை மறந்துவிட்டவர்போல் என் பக்கம் குனிந்தார்.

"இன்னொண்ணு கேளுங்க மிஸ்ஸு. வூட்டுக்குப் போனதும் இவரு இன்னா சொன்னாராம் தெரியுமா? கட்டினா அந்தப் பொண்ணத்தான் கட்டுவேன்னு சொல்லிக்கினு ரெண்டு நாளு சோறே துன்னலயாம். என் மாமியாதான், தெனம் வாயத் தொறந்து காட்டிக்கினு குடும்பம் நடத்துவியாடான்னு ஒரேடியா முடியாதுன்னுச்சாம்."

சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நன்றாகச் சொல்லப்பட்ட கதைதான், எங்கே நிறுத்தி எங்கே சொல்ல வேண்டும் என்பது அவருக்குப் பழகியிருந்தது. அவர் கணவர் கால அட்டவணையில் செவ்வாய்க்கிழமையைத் தாண்டவே இல்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பதிவேட்டை அந்தப் பெண்மணியின் பக்கம் நகர்த்தி, பெற்றோர் கையெழுத்துப் போடும் கட்டத்தைக் காட்டினேன். அவர் போட்டார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்கம்மா," என்றேன். "அந்தச் சோறு துன்னாத எடத்த மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க."